“டீச்சர், எனக்கு வந்துட்டு!”

கேள்வி: அம்மா, வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேரன்மகாதேவி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய்வருகிறேன். ‘வகுப்பறைத் தொழில்நுட்பமும் மாணவர் ஊக்கமும்: எனது பார்வை’ என்று ஒப்படைவு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்மார்ட் போர்டு இருந்தால் பிள்ளைகள் தானாகப் படிப்பார்கள் என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன். இப்போது குழப்பமாக இருக்கிறது. பாட்டு வீடியோ போட்டால் வகுப்பே எழுந்து ஆடுகிறது. நிறுத்திவிட்டு நோட்டை எடுக்கச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அதே பாட்டில் வந்த சொல்லை எழுதச் சொன்னால் பாதிப் பேருக்கு வரவில்லை. வகுப்பாசிரியை ஸ்டாரும் மிட்டாயும் கொடுக்கச் சொல்கிறார். மிட்டாய் தீர்ந்த அன்று யாரும் கையே தூக்குவதில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், போர்டில் என்ன ஓடினாலும் ஜன்னலைத்தான் பார்க்கிறான். பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசையை வரவழைப்பது எது? தொழில்நுட்பமா, பரிசா, ஆசிரியரா? ஒப்படைவில் என்ன எழுதட்டும்? நாளைக்கு என் வகுப்பில் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பட்டயம் இன்னும் கைக்கு வரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். உங்களை அப்படித்தான் கூப்பிடப் போகிறேன். பாட்டு ஓடும்போது பிள்ளைகள் ஆடுவதை எல்லோரும்தான் பார்ப்பார்கள். பாட்டு நின்ற பிறகு முகம் எப்படி மாறுகிறது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எழுதச் சொல்லியும் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

நான் 1989-இல் வேலைக்குச் சேர்ந்து 2023-இல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். 34 வருஷமும் திருநெல்வேலி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில்தான். நம்ம பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு சொல் உண்டு. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு ஒரு வாரமாக இடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் சட்டென்று பிடிபடும். உடனே சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளை: “டீச்சர், எனக்கு வந்துட்டு!” நாக்கில் ‘ழ’ உருண்ட அன்றைக்கும் அதே சத்தம். உங்கள் உளவியல் புத்தகத்தில் ஊக்கத்தைப் பற்றி ஒரு பாடமே இருக்கும். அக ஊக்கம், புற ஊக்கம் என்று பிரித்தும் போட்டிருப்பார்கள். வகுப்பறையில் என் காதால் நான் கேட்ட ஊக்கம் இந்தச் சத்தம்தான். ஒரு தடவை “வந்துட்டு” என்று கத்தின பிள்ளை அடுத்த கணக்கைத் தானே கேட்டு வாங்கும். அதனால் புதிதாக எந்தக் கருவி வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளை வந்துட்டு என்று கத்துகிற நாளை இது பக்கத்தில் கொண்டுவருமா?

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தப்பிலிருந்து. 2018, 2019-இல் புதிய பாடநூல்கள் க்யூஆர் கோடோடு வந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சொந்தக் காசில் ஒரு சின்ன புரொஜெக்டர் வாங்கினேன். மூன்றாம் வகுப்புக்குச் செடியின் பாகங்கள் பாடம். நான்கு நிமிஷ கார்ட்டூன் ஒன்று கிடைத்தது. செடி சிரிக்கும், பூ கண் சிமிட்டும், வேர் மண்ணுக்குள்ளிருந்து பாட்டுப் பாடும். “இன்னொரு தடவ டீச்சர், இன்னொரு தடவ டீச்சர்” என்று மூன்று தடவை போட வைத்தார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, இத்தனை வருஷம் இதில்லாமல் பாடம் நடத்தியிருக்கிறோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஒரு செடியை வேரோடு வரையச் சொன்னேன். 22 பிள்ளைகளில் 9 பேர் வேருக்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். ஒரு பிள்ளை நிமிர்ந்து கேட்டது: “டீச்சர், நம்ம ஊர்ச் செடிக்கு மட்டும் ஏன் கண்ணு இல்ல?”

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு ஒன்று பிடுங்கச் சொன்னேன். தும்பை, அருகம்புல், குப்பைமேனி எல்லாம் வந்தது. குழாயடியில் மண் போகக் கழுவினோம். தும்பையில் நடுவாக ஒரு வேர் ஆணி மாதிரி இறங்குகிறது. அருகம்புல்லில் கொத்தாகச் சல்லி சல்லியாக இருக்கிறது. நான் பெயர் சொல்லவில்லை. அப்போது பிசான நெல் நடவு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு பையன் அருகம்புல் வேரை விரலால் பிரித்துக்கொண்டே சொன்னான்: “நாத்து வேரும் இப்படித்தான் இருக்கும் டீச்சர். எங்க ஆச்சி நாத்து முடி கட்டும்போது பாத்திருக்கேன்.” சல்லிவேர் பாடம் அங்கே முடிந்துவிட்டது. அந்தப் பெயரை அவன் வாயால் மற்றவர்களுக்குச் சொல்ல வைத்தேன்.

அதோடு புரொஜெக்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதே வாரம் சிரட்டையில் மண் நிரப்பி ஆளுக்கு நாலு பயறு ஊன்றச் சொன்னேன். தினமும் காலையில் வந்ததும் சிரட்டையைத்தான் பார்ப்பார்கள். சிலர் முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தே பயறைச் சாகடித்தார்கள். ஏழாம் நாள், கண்ணாடிக்கு ஓரமாக ஊன்றிய பயறு முளைப்பதை ஒரே நிமிஷமாகச் சுருக்கி எடுத்த படத்தைப் போட்டேன். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. முதலில் கீழே வேர் இறங்குகிறது, அப்புறம்தான் முளை வளைந்து நிமிர்கிறது. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. முடிந்ததும் ஒரு பிள்ளை, “இது நம்ம சிரட்டைக்குள்ளயும் நடந்திருக்கும்லா டீச்சர்?” என்று கேட்டது.

அதே புரொஜெக்டர், அதே சுவர், அதே பிள்ளைகள். முதல் நாள் அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஏழாம் நாள், மண்ணுக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒரு வாரமாக மனசுக்குள் வைத்திருந்த கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள். கையால் தொடக்கூடியதைத் திரையில் காட்டாதீர்கள். கைக்கும் கண்ணுக்கும் எட்டாததற்குத் திரையைப் பிடியுங்கள். கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்துக்கு வருகிற வரித்தலை வாத்தைக் குளத்திலேயே பார்க்கலாம், அது தாண்டி வந்த இமயமலையைத் திரையில்தான் பார்க்க முடியும்.

உங்கள் ஒப்படைவுக்குப் பயன்படுகிற சில செய்திகளைச் சொல்கிறேன். ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1983-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியால் நம் உடம்பில் சத்து ஏறுவதில்லை, அதேபோல் பாடத்தை ஏற்றிவரும் கருவியால் மட்டும் கற்றல் கூடுவதில்லை என்பது அவர் வாதம். முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாஞ்சோலை மாதிரி மலைமேல் இருக்கிற ஊருக்கு லாரி போய்ச் சேர்வதே பெரிய காரியம் அல்லவா? ஆனாலும், லாரி வந்துவிட்டது என்பதற்காக வயிறு நிறைந்துவிட்டதாகக் கணக்கு எழுதக் கூடாது என்ற அளவில் அவர் சொன்னது சரி.

பெரு நாட்டில் ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்று கிராமப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை என்று சொன்னது. டெல்லியில் வேறு மாதிரி. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு மென்பொருளில் படிக்க வைத்தார்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் கூட இருவரும் செய்த ஆய்வு அது, 2019-இல் வெளிவந்தது. நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். காரணத்தைக் கவனியுங்கள். அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் சோதித்து, அந்தப் பிள்ளை உண்மையில் நிற்கிற படியிலிருந்து தொடங்கியது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் மூன்றாம் வகுப்புக் கணக்கு வராவிட்டால் அங்கிருந்துதான் ஆரம்பம். தன் படியிலிருந்து ஏறுகிற பிள்ளைக்கு அடிக்கடி வந்துட்டு. தலைக்கு மேலே ஓடுகிற பாடத்தை எத்தனை கலரில் காட்டினாலும் வராது.

நம்ம ஊரில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது இதற்காகத்தான். உங்கள் பயிற்சிப் பள்ளியில் பதிவேட்டுக்காகப் பிரித்திருக்கிறார்களா, பாடத்துக்காகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாட்டில் வந்த சொல் பாதிப் பேருக்கு எழுத வரவில்லை என்றீர்களே, அந்தப் பாதிப் பேரில் எத்தனை பேர் அரும்பு என்று எண்ணிப் பாருங்கள். பாட்டின் மேல் பழி இல்லை என்று தெரிந்துவிடும். எழுத்தே கூடாத பிள்ளைக்குச் சொல் எப்படி வரும்?

கருவிகள் வருவதும் போவதும் எனக்குப் பழகிவிட்டது. நான் சேர்ந்தபோது, 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் வந்த அறிவியல் பெட்டியும் கணிதப் பெட்டியும் பள்ளியில் இருந்தன. எங்கே இருந்தன? பீரோவில். தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில், ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்றைக்கு மட்டும் வெளியே வரும். உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒரு பிள்ளையாவது தொட்டதா என்றால், இல்லை. 2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், சுவரின் கீழ்ப்பாதியில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. அதில் குறை சொல்வதற்கும் இருந்தது. அட்டை மாற்றி மாற்றிக் கண்காட்சி நடத்துகிறோமா என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு. ஆனால் அந்தக் கீழ்க் கரும்பலகை மாதிரி ஒரு கருவியை நான் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒன்றரை அடி அகலத்தில் தன் இடம், மேலே தன் பெயர். அதுவரை சாக்பீஸ் டீச்சர் கையில் இருந்த பொருள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைப் பிடித்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, எழுதி அழித்து எழுதி அழித்து, சட்டை முழுக்க வெள்ளையாகி நிற்கும். கம்பிப் பந்தலில் தன் படம் தொங்குகிறது என்று அம்மாவை வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்து காட்டும்.

உங்கள் தலைமுறைக்கு 2024-இலிருந்து தொடக்கப் பள்ளிகளிலேயே ஸ்மார்ட் கிளாஸும் ஆசிரியர் கையில் டேப்லெட்டும் வந்திருக்கின்றன. நல்ல காலம். பீரோவுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் கையிலேயே தங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்டைத் தொட்டு விடை சொல்லும் வேலை முன்வரிசைப் பிள்ளைகள் நாலு பேருக்கே போய்க்கொண்டிருந்தால், மற்ற இருபது பேருக்கு அது பெரிய டிவி.

என் செல்போனால் நான் செய்த ஒரே உருப்படியான வேலையைச் சொல்கிறேன். கொரோனாவில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அடுத்த ஜூனில் என் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் ஒன்றாம் வகுப்பைக் கண்ணால் பார்க்காதவர்கள். ஒரு பையன் எழுத்து எழுத்தாகத் தட்டுத் தடுமாறி வாசிப்பான். “கு, ள, த், து, குளத்து” என்று ஒவ்வொரு எழுத்துக்கும் என் முகத்தைப் பார்ப்பான். மற்ற பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்று பயம். ஒருநாள் மதியம் தனியாகக் கூப்பிட்டு, ஐந்து வரியை வாசிக்கச் சொல்லிச் செல்போனில் பதிவு செய்தேன். ஹெட்செட்டை மாட்டி அவனையே கேட்க வைத்தேன். கேட்டான். முகம் சுருங்கியது. “டீச்சர், இத அழிச்சிருங்க. இன்னொருக்க வாசிக்கேன்” என்றான். மறுபடி பதிவு. மறுபடி கேட்டான். “இந்த எடத்துல நிக்குது” என்று அவனே விரல் வைத்துக் காட்டினான். அன்றைக்கு அதே ஐந்து வரியை ஆறு தடவை வாசித்தான். நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. நானாக ஆறு தடவை வாசிக்கச் சொல்லியிருந்தால் தண்டனை என்று நினைத்திருப்பான்.

முதல் பதிவை அழித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அழிக்கவில்லை. அரையாண்டு லீவுக்கு முந்தின நாள், அவனிடம் கேட்டுக்கொண்டு, அதையும் புதுப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். “இது நானா டீச்சர்?” என்று வாயைப் பொத்திக்கொண்டான். ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைப் பிள்ளையின் கண்ணுக்கும் காதுக்கும் காட்டுகிற வேலையை இந்தக் கருவி மாதிரி நான் செய்ய முடியாது. ஜூனில் எழுதிய நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்து டிசம்பரில் காட்டினாலும் இதே பலன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்தக் குரலும் படமும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு உங்களுக்கு உரிமை கிடையாது, எவ்வளவு பெருமையாக இருந்தாலும் சரி.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று இருக்கிற பள்ளிக்கு நீங்கள் போக நேரலாம். அங்கே டேப்லெட் இன்னொரு கை மாதிரி. மலர்ப் பிள்ளைகள் ஒரு மூலையில் கதை கேட்டு அதிலிருந்து கேள்வி எழுதிக்கொண்டிருக்க, நீங்கள் அரும்புப் பிள்ளைகளோடு பாயில் உட்காரலாம். காது சரியாகக் கேட்காத பிள்ளை வகுப்பில் இருந்தால் எழுத்தோடு வருகிற படம் ஆடம்பரமே இல்லை, அத்தியாவசியம். செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கென்று ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளி தொடங்கிய பாளையங்கோட்டை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அனுமதி வாங்கி ஒருநாள் போய்ப் பாருங்கள். கண் வழியாகப் பாடம் நடத்துவது எப்படி என்று அங்கே கற்றுக்கொள்ளலாம்.

மிட்டாய் விஷயத்துக்கு வருகிறேன். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைய ஆசைப்படுகிற பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஒரு கூட்டத்திடம் “வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் சும்மா பேனாவை வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு தருவதாக ஒப்பந்தம் போட்ட கூட்டம், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய கூட்டத்துக்கு ஆசை குறையவே இல்லை.

உங்கள் வகுப்பில் மிட்டாய் தீர்ந்த அன்று கை தூக்காத பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்கள். வகுப்பாசிரியையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் அனுபவத்தில் அது அன்றைக்கு வேலை செய்திருக்கும். அது அவர் வகுப்பு, நீங்கள் சில வாரம் தங்கிப்போகிறவர். உங்கள் பாடவேளையில் மட்டும் “சரியாச் சொன்னா மிட்டாய்” என்ற பேரத்தை விட்டுவிடுங்கள். வாரத்தில் ஒருநாள், ஒரு காரியம் நன்றாக முடிந்த பிறகு, எல்லோருமாக ஒரு கடலைமிட்டாய் தின்றால் அது கொண்டாட்டம், அதில் தப்பில்லை. பாராட்டிலும் இப்படி ஒன்று உண்டு. கரோல் டுவெக், கிளாடியா முல்லர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். “நீ கெட்டிக்காரி” என்று கேட்ட பிள்ளைகள், கடினமான புதிர் வந்ததும் சோர்ந்துபோனார்கள். “நல்லா முயற்சி பண்ணினே” என்று கேட்டவர்கள் விடாமல் போராடினார்கள். நம்ம வகுப்புகளில் ‘வெரி குட்’ எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் விழுகிறது. அதைவிட, “நேத்து இந்த ‘று’ வாலைச் சுழிக்காம விட்டிருந்த, இன்னைக்கு நீயே சுழிச்சிட்டியே” என்று சொல்லிப் பாருங்கள். டீச்சர் நேற்றையும் பார்த்திருக்கிறார், இன்றையும் பார்த்திருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

முக்கூடல் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது நாலாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. மூன்றாம் வாய்ப்பாடே தகராறு. ஸ்டார், மிட்டாய், திட்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தது. கட்டுக்கு 25 பீடி. “எத்தன ஆச்சு?” என்று அம்மா கேட்டாள். “28 கட்டு, எழுநூறு” என்று தலை நிமிராமல் சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிச் சொன்ன என்று கேட்டேன். “நாலு கட்டுக்கு நூறு டீச்சர். ஏழு நாலு இருக்கு.”

மறுநாள் புளியமுத்தை 25, 25-ஆகச் சின்னத் துணியில் முடிந்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளையைத்தான் நடத்தச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டது. அப்புறம் “நூறு நூறாப் பிரிச்சிக்கோங்க” என்று அதட்டவே ஆரம்பித்துவிட்டது. வகுப்பில் நாலு மூலையிலிருந்தும் “வந்துட்டு, வந்துட்டு.” அந்த வாரமே நாலாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க அதுவாக வந்து நின்றது. அது இனிமேல் சொளவில் உட்காராமல் புத்தகத்தில் உட்கார வேண்டும் என்று அம்மாவிடம் பேச எனக்கும் அன்றைக்குத்தான் வாய் வந்தது. எந்தத் திரையாலும் அந்தத் திண்ணையை எனக்குக் காட்டியிருக்க முடியாது. நான்தான் போக வேண்டியிருந்தது.

வயிற்றையும் ஒப்படைவில் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் போய்வருகிற சேரன்மகாதேவியிலேயே, ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று காமராஜர் கேட்டதாகவும், “போனா சோறு யாரு தருவா?” என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் நம்ம பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். 2023 ஆகஸ்ட் 25-இலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது. பத்தரை மணிக்கே தலை சாய்கிற பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்ததா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கியது என்று கேளுங்கள். உங்கள் பாடம் பிடிக்கவில்லை என்று வருத்தப்படுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒப்படைவில் என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். எனக்கு எழுதியதையே எழுதுங்கள். பாட்டு நின்றபோது வாடிய முகத்தையும், எழுத வராத அந்தச் சொல் எது என்பதையும், வராதவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு அதே வீடியோவைப் பாதியில் நிறுத்தி, “இந்தச் சொல்லில் முதல் எழுத்து எது, கீழ்ப் பலகையில் எழுது” என்று ஒரு வாரம் செய்துபார்த்து, என்ன நடந்தது என்று கூடச் சேருங்கள். தொழில்நுட்பத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று முடிவு கட்ட அவசியமே இல்லை.

கடைசியாக அந்த ஜன்னல் பையன். இவனுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஊக்கம் இல்லாதவன் என்று இப்போதே பெயர் வைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஸ்மார்ட் போர்டைப் போட்டுவிட்டு, அவன் உட்காருகிற இடத்தில் தரையில் அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து போர்டைப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ரிப்பன் கட்டிவிட அதன் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அந்த மூலையிலிருந்து பார்த்தால் திரையில் வெயில் பளபளப்பைத் தவிர எதுவுமே இல்லை. இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறது. பழைய சேலை ஒன்றை ஜன்னலில் கட்டி, பாயை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

இடம் சரியாக இருந்தால் கண்ணைப் பாருங்கள். கரும்பலகையில் மூன்று அளவில் எழுத்து எழுதி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் படம் போடுங்கள். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காதையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டச் சொல்லித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அவர்கள் வர நாளாகும் என்றால் அப்பாவையோ அம்மாவையோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லலாம்.

இவை எல்லாம் சரி என்றால், அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வயலா, ஆட்டுக்கிடையா, டிராக்டர் ரிப்பேர் பார்க்கிற கடையா? அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். “அது என்னல?” என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.